373 கிலோமீட்டர், 13 லிட்டர்: நல்லார்பர் பயணத்தின் பெட்ரோல் கணக்கு

நார்ஸ்மன் என்ற ஊரில் டேங்கை நிரப்ப வேண்டியது. பாலடோனியாவில் நிற்காமல் நேராகக் கைகூனாவுக்குப் போய்விட வேண்டியது. தூரம் 373 கிலோமீட்டர். வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, டேங்க் 13 லிட்டர், மைலேஜ் 35. அப்படியானால் 455 கிலோமீட்டர் ஓடும். கைகூனா போய்ச் சேர்ந்த பிறகும் 80 கிலோமீட்டருக்கான பெட்ரோல் மிச்சம் இருக்கும்.

திருவொற்றியூர் தம்பி ஒருவர் போட்டுவைத்த எக்செல் ஷீட்டில் ஒரு வரி இது. பெர்த்திலிருந்து அடிலெய்டு வரை, ஆஸ்திரேலியாவின் தென்கரையோரமாக, நல்லார்பர் சமவெளி வழியே சுமார் 2,700 கிலோமீட்டர் பைக் பயணம். தங்குமிடம், விசா, இன்சூரன்ஸ், சர்வதேச ஓட்டுநர் அனுமதி எல்லாம் கச்சிதமாக இருந்தன. இந்த ஆய்வு பெரும்பாலும் அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

யார், எதற்காக

தம்பியின் அப்பா திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புல்லட் சத்தத்தை வைத்தே டேப்பெட் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று சொல்லுகிற தலைமுறை. அக்கா வீட்டுக்காரர் பெர்த்தில் இருக்கிறார். அவரிடம் ஒரு கிளாசிக் 350 உண்டு. அதைத் தம்பி ஓட்டுவது, மாமா தனக்கு ஒரு ஹிமாலயன் 411 வாடகைக்கு எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. பொங்கல் முடிந்ததும் கிளம்புவதாகத் திட்டம்.

எனக்கு மணலிப் பக்கம் டேங்கர் லாரிகளுக்கு டிரிப் போடுகிற வேலை. எந்த பங்கில் எவ்வளவு இருப்பு, எந்த லாரி எப்போது போய்ச் சேரும், நடுவில் எது இருப்பு தீர்ந்து டிரை ஆகும் என்று நாள் முழுக்க இதே கணக்கு. அதனால்தான் தம்பி ஷீட்டைக் கொண்டுவந்தார்.

"ணா, பெட்ரோல் மட்டும் கொஞ்சம் பாத்து சொல்லு ணா. மத்ததெல்லாம் மாமா பாத்துக்குவாரு."

"பாலடோனியால ஏன் நிக்கல?"

"அங்க ரேட்டு ஜாஸ்தி ணா. டேங்க்ல பாதி இருக்கும்போது இன்னாத்துக்கு நிக்கணும்?"

வடசென்னைக்காரருக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்புதான். மணலி ரிஃபைனரி ஒரு பக்கம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை ஆயில் டெர்மினல்கள் இன்னொரு பக்கம். எண்ணூர் நெடுஞ்சாலையில் நம் முன்னால் போகிற வண்டிகளில் பாதி டேங்கர் லாரி. பெட்ரோல் தீர்ந்தால் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, அடியில் ஒதுங்கிக் கிடக்கிற கொஞ்சத்தைக் குழாய்ப் பக்கம் கொண்டுவந்து, மீதித் தூரம் தள்ளினால் பங்க் வந்துவிடும். இப்படி ஒரு இடத்தில் பழகியவர் பெட்ரோல் பங்கை ஒரு வசதியாகத்தான் பார்ப்பார். தம்பி போகப்போகிற எயர் ஹைவேயிலோ சாலையைத் துண்டுதுண்டாக வெட்டித் தருவதே பங்க்தான்.

அந்தச் சாலை

நார்ஸ்மனிலிருந்து செடூனா வரை சுமார் 1,200 கிலோமீட்டர். நடுவில் ஊர் என்று சொல்லும்படியாக அதிகம் இல்லை, ரோட்ஹவுஸ்கள்தான். ஒரு பங்க், ஒரு சாப்பாட்டுக் கடை, சில அறைகள், பின்னால் ஜெனரேட்டர். நார்ஸ்மனிலிருந்து பாலடோனியா 191. அங்கிருந்து கைகூனா 182. இந்த இரண்டாவது துண்டில்தான் ஒரு வளைவுகூட இல்லாமல் 146.6 கிலோமீட்டர் நேராக ஓடுகிற பகுதி இருக்கிறது. கைகூனாவுக்குப் பிறகு கொஞ்சம் நெருக்கமாக வரும்: காக்கிள்பிடி 65, மதுரா 92, முண்ட்ராபில்லா 116, யூக்ளா 66, மாநில எல்லையில் இருக்கிற பார்டர் வில்லேஜ் 12. அப்புறம் மறுபடி நீளும்: நல்லார்பர் ரோட்ஹவுஸ் சுமார் 185, நண்ட்ரூ சுமார் 145. அதன் பிறகு செடூனா வரை கவலையில்லை. பெர்த்திலிருந்து நார்ஸ்மன் வரைக்கும் கவலையில்லை, வழியெல்லாம் ஊர்கள்.

மதுரா என்றதும் தம்பிக்குச் சிரிப்பு. 1876-ல் அங்கே பண்ணை போட்டவர்கள் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்கென்று குதிரை வளர்த்தார்கள். அந்தக் காலத்திலும் அந்த வழியில் போனவர்களின் கவலை தண்ணீரும் தீவனமும் அடுத்து எங்கே கிடைக்கும் என்பதுதான்.

35 என்ற எண்

ஷீட்டில் மற்ற எண்கள் எல்லாம் சரி. தூரம் சரி, டேங்க் கொள்ளளவு சரி. 35-தான் இடித்தது. அது பொய்யான எண் இல்லை. தம்பியின் வண்டி திருவொற்றியூருக்கும் துறைமுகத்துக்கும் நடுவே உண்மையாகவே தருகிற மைலேஜ். அந்த வழியில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் 30, 40-ல் உருட்டிக்கொண்டு போகும்போது கிடைப்பது. எயர் ஹைவேயில் அனுமதிக்கப்பட்ட வேகம் 110. பின்னால் 36 மீட்டர் நீள ரோடு டிரெயின் (பல டிரெய்லர்களைக் கோத்த லாரி) வந்துகொண்டிருக்கும்போது 60-ல் போய்க்கொண்டிருக்க முடியாது. 100-ஆவது பிடித்தாக வேண்டும்.

வேகம் கூடும்போது காற்றின் தடை வேகத்தின் இருமடிப்படி கூடும். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. காற்றுத் தடையோ ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். எதிர்க்காற்று வேறு இருந்தால் அதையும் வேகத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். 100-ல் போகிற வண்டிக்கு எதிரே 30-ல் காற்று அடித்தால், இன்ஜினைப் பொறுத்தவரை அது 130-ல் காற்றைக் கிழிக்கிறது. தடை சுமார் 70 சதவீதம் அதிகம். கிளாசிக்கின் 349 சிசி இன்ஜின் கொடுப்பது 20 குதிரைத்திறன் சொச்சம். அந்தக் காற்றில் ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகி வைத்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். கோடையில் அந்தப் பக்கம் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் காற்று அடிக்கும். ஜனவரி அங்கே கோடை. தம்பி போகிற திசை கிழக்கு.

சரி, எவ்வளவுதான் கிடைக்கும்? வாயால் பேசிப் பயனில்லை, அளந்து பார்ப்போம் என்று செங்குன்றத்தில் ஆரம்பித்தோம். தம்பியின் சொந்த வண்டியும் கிளாசிக் 350-தான். லக்கேஜுக்குப் பதிலாகப் பின்சீட்டில் 25 கிலோ அரிசி மூட்டையைக் கட்டினோம். வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, நாசல் தானாக நின்ற பிறகு கழுத்தின் விளிம்பு வரைக்கும் நிரப்பியாயிற்று. சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும்போது நிரப்பினால் மேலே காற்று தங்கிவிடும், அளவு தவறிவிடும். நெல்லூர் சாலையில் நாயுடுபேட்டை வரை, மீட்டரில் 80 தாண்டாமல். நம் நெடுஞ்சாலையில் இருசக்கர வண்டிக்கு வரம்பே அதுதான். அங்கே மறுபடி மெயின் ஸ்டாண்ட், மறுபடி விளிம்பு வரை. திரும்பும்போதும் அப்படியே.

மார்கழி மாதம், வாடைக்காற்று. வடக்கே போகும்போது 29, தெற்கே வரும்போது 33. ஒரே வண்டி, ஒரே மூட்டை, ஒரே சாலை. வித்தியாசம் காற்று மட்டும்தான். தம்பி இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் ஷீட்டில் 35 அடிபட்டு 24 வந்திருந்தது. 80-ல் கிடைத்ததை 100-க்கும் எதிர்க்காற்றுக்கும் குறைத்துப் போட்ட எண்.

நம் பங்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அங்கே ரோட்ஹவுஸில் கிடைக்கிற சாதா 91 ஆக்டேனில் எத்தனால் இல்லையென்றால் கொஞ்சம் கூடுதலாகவே ஓட வேண்டும். இதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று தம்பி கேட்டார். வேண்டாம் என்றேன். கூடுதலாகக் கிடைத்தால் கிடைக்கட்டும். நமக்குச் சாதகமானதை முன்கூட்டியே செலவுக்கணக்கில் எழுதுவது எங்கள் தொழிலில் கெட்ட பழக்கம்.

டெட் ஸ்டாக்

பங்கின் தரையடித் தொட்டியில் டிப் ஸ்டிக் விட்டுப் பார்த்தால் ஒரு அளவு காட்டும். அதில் அடிமட்டத்தில் இருப்பதை மோட்டார் இழுக்காது. அதை டெட் ஸ்டாக் என்போம். இருப்பில் உண்டு, விற்பனைக்கு இல்லை. லாரி டிரிப் போடும்போது அதைக் கழித்துவிட்டுத்தான் மணி பார்ப்போம்.

பைக் டேங்குக்கும் அப்படி ஒன்று உண்டு. பழைய புல்லட்டில் குழாயைத் திருகி ரிசர்வுக்கு மாற்றலாம். இஞ்செக்‌ஷன் வண்டியில் அது கிடையாது, மீட்டரில் கடைசிக் கோடு மின்னும், அவ்வளவுதான். டேங்குக்குள் இருக்கிற பம்ப் குளிர்ந்திருப்பதே அதைச் சுற்றியிருக்கிற பெட்ரோலால்தான். அடி வரை உறிஞ்சவிட்டால் பம்ப் சூடாகும். ஊரில் பம்ப் போனால் உதிரிபாகத்துக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. பாலடோனியாவுக்கும் கைகூனாவுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ஆகவே 13-ல் 1 லிட்டரைக் கழித்து 12 என்று வைத்தோம். 12 பெருக்கல் 24, ஆக 288 கிலோமீட்டர்.

ஹிமாலயனின் டேங்க் 15 லிட்டர். அது இன்னும் தள்ளிப் போகும். ஆனால் சேர்ந்து போகிறவர்களின் தூரம் சின்ன டேங்கின் தூரம்தான். மாமாவின் வண்டிக்கு ஷீட்டில் தனி வரி போட்டு நேரத்தை வீணாக்கவில்லை.

455 இருந்த இடத்தில் 288 வந்ததும் அந்த வரி தானாகவே விழுந்தது. பாலடோனியாவில் நின்றே ஆக வேண்டும்.

பங்க் டிரை என்றால்?

பலருடைய திட்டம் இங்கே முடிந்துவிடும். ஒவ்வொரு பங்கிலும் நின்று நிரப்புவோம், பெரிய இடைவெளியே 191-தான், கையில் 288 இருக்கிறது, பிரச்சினை தீர்ந்தது என்று.

டிரிப் போடுகிறவனுக்கு அடுத்த கேள்வி தானாக வரும். போய் நிற்கிற பங்கில் பெட்ரோல் இல்லையென்றால்? ஜெனரேட்டர் நின்றிருக்கலாம். டேங்கர் வருவதற்குத் தாமதமாகியிருக்கலாம். ராத்திரி மூடியிருக்கலாம். சாலையே மூடியிருக்கலாம்: 2020 ஜனவரியில் காட்டுத்தீயால் இதே நார்ஸ்மன் பக்கத்துச் சாலையைப் பல நாட்கள் அடைத்துவிட்டார்கள், வழிப்பயணிகள் ரோட்ஹவுஸ்களில் மாட்டிக்கொண்டார்கள். நார்ஸ்மனில் நிரப்பிக் கிளம்பி 191 ஓடி பாலடோனியா வந்தாகிவிட்டது, அங்கே இல்லை. டேங்கில் மிச்சம் 97 கிலோமீட்டருக்கு. முன்னால் 182, பின்னால் 191. போகவும் முடியாது, திரும்பவும் முடியாது.

எனவே ஒவ்வொரு நிறுத்தத்தையும் இரண்டு முறை பார்த்தோம். பங்க் இருக்கிறது என்று வைத்து ஒரு தடவை, இல்லை என்று வைத்து ஒரு தடவை. இரண்டாவது பார்வையில் 373-க்கு 15.5 லிட்டர் தேவை. டேங்கில் உருப்படியாக இருப்பது 12. குறைவது 3.5. ஒரு 5 லிட்டர் கேன் இருந்தால் 408 கிலோமீட்டர் வரை போகலாம்.

அதே சோதனையை மற்ற இடங்களுக்கும் போட்டுப் பார்த்ததில் ஒரு நல்ல விஷயம் தெரிந்தது. கைகூனாவிலிருந்து பார்டர் வில்லேஜ் வரை எந்த ஒரு பங்க் டிரை ஆனாலும் அடுத்ததற்கு டேங்கே போதும். அடுத்தடுத்த இரண்டு துண்டுகளைக் கூட்டினால் மிக மோசமானதே பாலடோனியாவிலிருந்து காக்கிள்பிடி வரையிலான 247-தான். கேன் மறுபடி தேவைப்படுவது பார்டர் வில்லேஜிலிருந்து: நல்லார்பரில் இல்லையென்றால் நண்ட்ரூ வரை 330. அதாவது 1,200 கிலோமீட்டரும் பெட்ரோல் கேனைக் கட்டிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. இரண்டு துண்டில் நிறைத்துக்கொண்டால் போதும், நடுவில் கேன் காலி. 40 டிகிரி வெயிலில் முதுகுக்குப் பின்னால் 5 லிட்டர் பெட்ரோல் இருப்பதும் இல்லாமல் இருப்பதும் ஒன்றில்லை.

கேனை இங்கிருந்து கொண்டுபோக வேண்டாம் என்று முன்னமே சொல்லிவிட்டேன். ஒரு தடவை பெட்ரோல் ஊற்றிய கேனை, கழுவியிருந்தாலும், விமானத்தில் ஏற்றப் பார்த்தால் வம்பு. அங்கே தர முத்திரை உள்ள சிவப்புக் கேன் கடைகளில் கிடைக்கும். நிரப்பும்போது வண்டிமேல் வைத்து நிரப்பாமல் தரையில் இறக்கி வைத்து நிரப்ப வேண்டும். நிலைமின்சாரம் தரைக்குப் போய்விடும். கழுத்து வரை நிரப்பக்கூடாது. பெட்ரோல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் கிட்டத்தட்ட 1 சதவீதம் விரியும். விடியற்காலையில் விளிம்பு தட்ட நிரப்பிய கேன் மதியம் மூடியோரம் கசியத் தொடங்கும். செங்குன்றத்தில் டேங்கை விளிம்பு வரை நிரப்பியது அளப்பதற்காக. அங்கே அப்படிச் செய்யத் தேவையில்லை.

கடிகாரம்

இது தம்பி கண்டுபிடித்தது. எனக்குத் தோன்றவே இல்லை. கைகூனாவைத் தாண்டினால் அந்த ரோட்ஹவுஸ்கள் தங்களுக்கென்று ஒரு நேரம் வைத்திருக்கிறார்கள்: பெர்த்தைவிட 45 நிமிடம் முன்னால். தெற்கு ஆஸ்திரேலிய நேரத்துக்குள் போகும்போது, கோடைக்கால நேர மாற்றமும் சேர்ந்து, மொத்தம் இரண்டரை மணி நேரம் காணாமல் போய்விடும். கையில் கட்டிய வாட்ச் மாலை 5 என்று காட்டும்போது பங்க்காரருக்கு மணி 7.30. மூடுகிற நேரம் அவருடைய கடிகாரப்படி. இருட்டில் கங்காரு குறுக்கே வரும் என்பதால் ராத்திரி ஓட்டுவது என்பது திட்டத்திலேயே இல்லை. ஆகவே ஷீட்டில் ஒவ்வொரு பங்குக்கும் எதிரே சேரும் நேரத்தை அந்த இடத்து நேரப்படி எழுதச் சொன்னேன்.

இன்னொரு வேலையை மாமாவிடம் ஒப்படைத்தோம். முந்தின நாள் மாலை, மறுநாள் நிற்கப்போகிற ரோட்ஹவுஸுக்கு ஒரு போன். "நாளைக்கு அன்லெடட் பெட்ரோல் இருக்குமா, எத்தனை மணி வரைக்கும்?" அவ்வளவுதான். ரோட்ஹவுஸை விட்டு நகர்ந்தால் சிக்னல் இருக்காது. கேட்பதை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

சாலையில் நடந்தது

பாலடோனியாவில் பெட்ரோல் இருந்தது. யாரும் எங்கும் தவிக்கவில்லை. ஒரு இடத்தில் வங்கி அட்டையை இயந்திரம் ஏற்காமல் அடம்பிடித்தது, கையில் இருந்த ரொக்கத்தில் முடிந்தது. 1979-ல் ஸ்கைலேப் விண்வெளி நிலையம் உடைந்து விழுந்ததற்கு பாலடோனியாவில் ஒரு சின்னக் காட்சிக்கூடம் இருக்கிறது. டேங்க் நிரம்பிய பிறகு அதன் முன்னால் நின்று எடுத்த போட்டோவைத்தான் தம்பி முதலில் அனுப்பினார். பில்களை அனுப்பச் சொல்லி நான் நச்சரித்த பிறகுதான் அவை வந்தன.

அந்தப் பில்கள்தான் இந்த ஆய்வின் முடிவு. நார்ஸ்மனிலிருந்து பாலடோனியா, 191 கிலோமீட்டர்: கிளாசிக் குடித்தது 7.5 லிட்டர். லிட்டருக்கு 25.5. பாலடோனியாவிலிருந்து கைகூனா, 182 கிலோமீட்டர்: காலையிலேயே முகத்துக்கு நேராகக் காற்று எழுந்துவிட்டது. 100-லேயே வைத்திருக்க முடியாமல் 95-க்கு இறங்கியும் 8.1 லிட்டர். லிட்டருக்கு 22.5. செங்குன்றம் கணக்கில் போட்ட 24 ஒன்றரை தள்ளிப்போயிருந்தது.

இரண்டையும் கூட்டினால் 15.6 லிட்டர். டேங்க் 13. முதல் ஷீட்டின்படி பாலடோனியாவில் நிற்காமல் போயிருந்தால், கடைசிச் சொட்டு வரை உறிஞ்சியிருந்தாலும் கைகூனாவுக்குச் சுமார் 58 கிலோமீட்டர் முன்னால், அந்த நேர்ச்சாலையின் நடுவில், வண்டி நின்றிருக்கும். பாலடோனியாவில் பெட்ரோல் கிடைக்காமல் கேனை ஊற்றிப் போயிருந்தால்? 12-ம் 5-ம் 17. தேவை 15.6. போய்ச் சேர்ந்திருப்பார்கள்; கேனில் ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சியிருக்கும்.

விலை என்ற வாதத்தையும் பார்த்துவிடுவோம், தம்பி ஆரம்பித்ததே அதில்தானே. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2001 முதல் ஃபியூயல்வாட்ச் என்று ஒரு அரசு ஏற்பாடு இருக்கிறது. பங்குகள் மறுநாள் விலையை முந்தின நாளே தெரிவித்து 24 மணி நேரம் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். பெர்த்தில் எங்கே மலிவு என்று பார்த்து நிரப்ப அது அருமையான வசதி. ரோட்ஹவுஸ் வரிசையில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 190 கிலோமீட்டருக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. லிட்டருக்கு 1 டாலர் கூடுதல் என்றே வைத்தாலும் பாலடோனியாவில் ஊற்றிய 7.5 லிட்டருக்கு ஏழரை டாலர். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் வேகத்தில் பிடிக்கலாம். 110-ஐ விட்டு 90-ல் போனால் பில்லும் குறையும், தூரமும் கூடும். மாமா கடைசி இரண்டு நாள் அப்படித்தான் ஓட்டினாராம்.

இப்போது தம்பி புது ஷீட் ஒன்று திறந்திருக்கிறார். அடிலெய்டிலிருந்து வடக்கே, ஸ்டூவர்ட் ஹைவே. பிம்பாவிலிருந்து கிளெண்டாம்போ 113, அங்கிருந்து கூபர் பீடி 254, நடுவில் ஒன்றும் கிடையாது. மைலேஜ் கட்டத்தில் இந்தத் தடவை அவரே 22 என்று போட்டிருக்கிறார். 254-க்கு 11.5 லிட்டர், கையில் 12. கிளெண்டாம்போ டிரை என்று வைத்தால் 367, அதற்கு 16.7, கேனோடு 17. இடைவெளி 300 மில்லி. எனக்கு அது போதவில்லை. இரண்டாவது கேன் எடுக்கலாமா, இல்லை கிளாசிக்கை விட்டுவிட்டு இரண்டு பேருமே ஹிமாலயன் எடுப்பதா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அப்பாவிடம் கேட்டதற்கு, கிளாசிக்கை விடவே கூடாது என்று சொல்லிவிட்டாராம்.